கதவு சாத்திய பிறகு: பாளையங்கோட்டைப் பட்டிமன்றத்தில் ‘பொறுப்புக்கே’ அணியின் உரை

நடுவர் அய்யா அவர்களுக்கும், இரண்டு அணியிலும் இருக்கிற பேச்சாளர்களுக்கும், வேலை முடிந்த கையோடு வந்து உட்கார்ந்திருக்கிற உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

பின்னால் வந்து சேர்ந்தவர்களுக்காகத் தலைப்பை ஒருதரம் சொல்லிவிடுகிறேன். “பெண் நிர்வாகிகள் கம்பெனி இயக்குநர் குழுவில் இடம் தேடுவது பெருமைக்காகவா, பொறுப்புக்காகவா?” எதிரணியில் மூன்று பேர் பேசிவிட்டார்கள். முதலில் பேசிய அக்கா, “விசிட்டிங் கார்டில் டைரக்டர் என்று போட்டுக்கொள்ளத்தான்” என்றார்கள். அடுத்து வந்த தம்பி, “வருஷத்துக்கு நாலு மீட்டிங், மீட்டிங்குக்கு ஒரு லட்சம், யாருக்குக் கசக்கும்?” என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். மூன்றாவதாக அண்ணாச்சி, “அது அடுத்த பதவிக்குப் போட்ட ஏணி” என்று முடித்தார். தம்பியிடமிருந்தே தொடங்குகிறேன். கணக்குச் சொன்னவர் அவர் ஒருவர்தான். கணக்கு என்றால் சரிபார்த்துவிடலாம்.

தம்பி சொன்ன 1 லட்சம் என்பது உச்சவரம்பு. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் விதிகள், ஒரு கூட்டத்துக்கு அதற்கு மேல் சிட்டிங் ஃபீஸ் கொடுக்கக்கூடாது என்கின்றன. பெரிய கம்பெனிகள் அந்த உச்சத்தைக் கொடுக்கின்றன. சின்னக் கம்பெனிகளில் சில ஆயிரங்களோடு முடிந்துவிடும். உச்சத்தையே எடுத்துக்கொள்வோம். போர்டு, அதாவது இயக்குநர் குழுவின் கூட்டம் வருஷத்துக்குக் குறைந்தது 4, கணக்கை மேற்பார்க்கிற ஆடிட் கமிட்டிக் கூட்டம் 4. ஆக 8 லட்சம், அதுவும் வருமான வரிக்கு முன்னால். “கமிஷன் உண்டே” என்று தம்பி எழுந்திருக்கலாம். உண்டு. நிர்வாக இயக்குநர் இருக்கிற கம்பெனியில், அன்றாட நிர்வாகத்தில் இல்லாத இயக்குநர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து நிகர லாபத்தில் 1 சதவீதம் வரை கொடுக்கலாம். முன்னணிக் கம்பெனிகளில் அது நல்ல தொகைதான், மறைக்கவில்லை. ஆனால் நிறுவனர் குடும்பத்தோடும் நிர்வாகத்தோடும் சம்பந்தமில்லாத சுயேச்சை இயக்குநருக்கு, அதாவது இண்டிபென்டன்ட் டைரக்டருக்கு, கம்பெனியின் பங்கைக் குறித்த விலையில் வாங்கிக்கொள்ளும் ஸ்டாக் ஆப்ஷன் கிடையவே கிடையாது, சட்டமே தடுத்திருக்கிறது. ஒரு பெரிய கம்பெனியில் நிதித் தலைவராக இருக்கும் பெண்மணிக்குச் சம்பளம், போனஸ், ஸ்டாக் ஆப்ஷன் எல்லாம் வந்துகொண்டிருக்கும். பணம்தான் குறி என்றால் அந்த நாற்காலியிலேயே அவர் இருந்துகொள்ளலாமே? வெளியே போய் இன்னொரு கம்பெனியின் பாரத்தைத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாமே?

அதே விதியில் இன்னொரு வரியும் இருக்கிறது. சுயேச்சை இயக்குநருக்கும் பெண் இயக்குநருக்கும் கொடுக்கும் சிட்டிங் ஃபீஸ், மற்ற இயக்குநர்களுக்குக் கொடுப்பதைவிடக் குறையக்கூடாது என்று. ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒரே ஃபைலைப் படிக்கிறவர்களுக்குள் அப்படி ஒரு வேறுபாடு வந்துவிடக் கூடாதே என்று சட்டத்துக்கே கவலை இருந்திருக்கிறது. நிலைமை அப்படி இருக்கிற இடத்துக்குப் பணம் தேடிப் போகிறார்கள் என்று எப்படிச் சொல்ல முடியும்?

வரவைச் சொன்ன தம்பி பற்றைச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். கம்பெனி கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பிவிட்டால், வழக்குப் போடுகிறவர் இயக்குநர்கள் பட்டியலில் இருக்கும் பெயரை எல்லாம் சேர்த்துப் போட்டுவிடுவது நடைமுறை. சம்மன் எந்த ஊர் கோர்ட்டிலிருந்து வரும் என்று சொல்ல முடியாது. “நான் அன்றாட நிர்வாகத்தில் இல்லை” என்று நிரூபித்துப் பெயரை எடுக்க உயர் நீதிமன்றம் வரை நடக்க வேண்டியிருக்கும். கம்பெனி தொடர்ந்து 3 நிதியாண்டு கணக்கோ ஆண்டு அறிக்கையோ பதிவாளரிடம் தாக்கல் செய்யவில்லை என்றால், இயக்குநர்கள் 5 ஆண்டு தகுதி இழப்பார்கள். 2017 செப்டம்பரில் இந்தப் பிரிவின் கீழ் சுமார் 3 லட்சம் பேர் ஒரே வீச்சில் தகுதி இழந்தார்கள். பெயருக்குப் போர்டில் உட்கார்ந்திருந்தவர்கள் பலர் அன்றைக்குத்தான் விழித்தார்கள். சுயேச்சை இயக்குநருக்குச் சட்டத்தில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது: தனக்குத் தெரிந்து, தன் சம்மதத்தோடு நடந்த தவறுக்கு மட்டும்தான் பொறுப்பு. ஆனால் அதே வரியில் இன்னொன்றையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள்: உரிய கவனத்தோடு செயல்படாமல் இருந்தாலும் பொறுப்பு. ஆக, கண்டும் காணாமல் இருந்தேன் என்று யாரும் தப்பிக்க முடியாது. அதனால்தான் விவரம் தெரிந்த பெண் நிர்வாகிகள் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன்பே இயக்குநர்களுக்கான காப்பீட்டு பாலிசியின் நகலைக் கேட்டு வாங்குகிறார்கள். எவ்வளவு தொகைக்கு இருக்கிறது, விலகிய பிறகு வரும் வழக்குக்கும் செல்லுமா என்று பார்க்கிறார்கள். பெருமைக்குப் போகிறவர் பாலிசியின் விலக்குப் பிரிவுகளைப் படித்துக்கொண்டிருப்பாரா?

இனி அக்கா சொன்ன விசிட்டிங் கார்டு. அக்காவின் சந்தேகத்துக்கு ஒரு நியாயம் இருக்கிறது, அதை ஒத்துக்கொண்டே பேசுகிறேன். பங்குச்சந்தையில் பட்டியலான எல்லா கம்பெனியிலும் ஒரு பெண் இயக்குநராவது இருக்க வேண்டும் என்று 2013 சட்டம் சொன்னது. பட்டியலாகாத பப்ளிக் கம்பெனியாக இருந்தாலும், செலுத்தப்பட்ட மூலதனம் 100 கோடி அல்லது விற்றுமுதல் 300 கோடி இருந்தால் அதற்கும் உண்டு. நம் தூத்துக்குடியில் தலைமையகம் வைத்து 1921-லிருந்து நடக்கிற தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி 2022-ல் பட்டியலானது; அது முதல் பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் விதிகளும் அதற்குப் பொருந்தும். மாறாகப் பிரைவேட் லிமிடெட் கம்பெனி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இந்தக் கட்டாயம் இல்லை. செபி முதலில் 2014 அக்டோபர் 1 வரை கெடு கொடுத்தது, கம்பெனிகள் அசையவில்லை, 2015 ஏப்ரல் 1 வரை நீட்டித்தது. கெடு நெருங்கியபோது பல இடங்களில் என்ன நடந்தது? நிறுவனரின் மனைவி, மகள், மருமகள் என்று வீட்டில் இருப்பவர்கள் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அக்கா சொல்வது அந்தக் காட்சிதான்.

ஆனால் இன்றைய தலைப்பில் “தேடுவது” என்று ஒரு வார்த்தை இருக்கிறது. அன்றைக்கு அந்த வீட்டுப் பெண்கள் இடம் தேடவில்லை. இடம் அவர்களைத் தேடி வந்தது. நம் பேச்சு வேலை பார்த்து, இலாகாவை நடத்தி, இருபது இருபத்தைந்து வருஷம் கணக்கையும் ஆட்களையும் ஆலையையும் கட்டி ஆண்ட நிர்வாகிகளைப் பற்றி. வீட்டுப் பெயரை எழுதிக் கொடுக்கும் வழியையும் செபி பெருமளவு அடைத்துவிட்டது. பட்டியலான கம்பெனிகளில் சந்தை மதிப்பில் முதல் 500 கம்பெனிகளில் 2019 ஏப்ரல் 1 முதலும், முதல் 1000 கம்பெனிகளில் 2020 ஏப்ரல் 1 முதலும் குறைந்தது ஒரு பெண் சுயேச்சை இயக்குநர் இருந்தாக வேண்டும். சுயேச்சை என்றால் நிறுவனர் குடும்ப உறவு ஆகாது. மீறினால் பங்குச்சந்தை நாளொன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் போடும். எச்.சி.எல். டெக்னாலஜீஸ் தலைவராக 2020-ல் வந்த ரோஷ்னி நாடாரை அக்கா உதாரணம் காட்டினார்கள். திருச்செந்தூர் பக்கம் மூலைப்பொழியில் பிறந்த ஷிவ் நாடாரின் மகள் என்பதால் நமக்கெல்லாம் அவர் மேல் தனிப் பாசம் உண்டு. ஆனால் அவர் நிறுவனர் தரப்பு. அவருடைய கதை வேறு தலைப்பில் பேச வேண்டியது.

இடம் தேடுகிற நிர்வாகி என்னென்ன செய்ய வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். தான் வேலை பார்த்த கம்பெனியிலேயே சுயேச்சை இயக்குநராக முடியாது. கடந்த 3 நிதியாண்டுகளில் அங்கே ஊழியராக இருந்திருக்கக் கூடாது. அதனால் பழக்கமில்லாத கம்பெனிக்குத்தான் போக வேண்டும். டைரக்டர் அடையாள எண் வாங்க வேண்டும். 2019 டிசம்பரில் தொடங்கிய சுயேச்சை இயக்குநர் தரவு வங்கியில், அதாவது மானேசரில் இருக்கிற இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் கார்ப்பரேட் அஃபேர்ஸ் நடத்துகிற பட்டியலில், கட்டணம் கட்டிப் பெயர் பதிய வேண்டும். பிறகு 2 ஆண்டுக்குள் ஆன்லைன் தேர்வு எழுதி 50 சதவீதம் எடுக்க வேண்டும். பட்டியலான கம்பெனியில் 3 ஆண்டு இயக்குநராகவோ, தலைமை நிதி அதிகாரி, கம்பெனி செகரட்டரி போன்ற முக்கியப் பொறுப்பிலோ இருந்தவர்களுக்குத் தேர்வு விலக்கு உண்டு. ஆனால் மனிதவளத் தலைவருக்கும் ஆலைத் தலைவருக்கும் அந்த விலக்கு பெரும்பாலும் கிடைக்காது. ஐந்நூறு பேரை வேலை வாங்கிய அம்மா ஐம்பது வயதில் கம்பெனிச் சட்டப் பாடம் படித்துப் பரீட்சை எழுதுகிறார். பிறகு சம்மதப் படிவம், தனக்கு எந்தெந்த கம்பெனியில் சம்பந்தம் இருக்கிறது என்ற விவரப் படிவம். அதற்கும் மேல், பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம்: பொதுவாக நூற்றுக்கு 75 வாக்கு வேண்டும். விசிட்டிங் கார்டு அடிக்க இவ்வளவு பாடு யாரும் படமாட்டார்கள்.

அப்படியென்றால் எதற்காகப் படுகிறார்கள்? எங்கள் அணியின் வழக்கு இங்கேதான் நிற்கிறது. கொஞ்சம் நிதானமாகச் சொல்ல நடுவர் அனுமதிக்க வேண்டும்.

ஒரு மூத்த நிர்வாகிக்குப் போர்டு ரூம் புதிதில்லை. பல வருஷமாக அந்தக் கதவு வரை போய் வந்தவர் அவர். போர்டு நடக்கும் நாளில் தன் இலாகாவைப் பற்றி எடுத்துச் சொல்ல அவரைக் கூப்பிடுவார்கள். வெளியே சோபாவில் காத்திருப்பார். முந்தின விஷயம் இழுத்துக்கொண்டே போனால் இவருக்கு ஒதுக்கிய அரை மணி கால் மணியாகும். உள்ளே போய் ஸ்லைடுகளைக் காட்டுவார். இரண்டு கேள்வி கேட்பார்கள். “தேங்க்யூ மேடம்” என்றதும் வெளியே வந்துவிட வேண்டும். கதவு சாத்தப்படும். முடிவு அதற்குப் பிறகுதான் எடுக்கிறார்கள். விரிவாக்கத்துக்குப் பணம் ஒதுக்குவதா, ஓர் ஆலையை மூடுவதா, அடுத்த தலைமை நிர்வாகி யார், இப்போதிருப்பவருக்கு எவ்வளவு சம்பளம், எல்லாம் கதவு சாத்திய பிறகு நடக்கிற பேச்சு. மறுநாள் அந்த முடிவு ஒரு மெயிலாக இவருக்கு வரும். நடத்திக் காட்ட வேண்டியது இவர்.

ஓர் உதாரணத்துக்குக் கங்கைகொண்டான் சிப்காட்டில் ஓர் ஆலை மூன்றாவது ஷிஃப்ட் தொடங்கப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். போர்டுக்குப் போகும் தாளில் என்ன இருக்கும்? ஒரு யூனிட்டுக்கு ஆகிற செலவு எவ்வளவு குறையும், இயந்திரம் எத்தனை மணி நேரம் கூடுதலாக ஓடும், முதலீடு எத்தனை மாதத்தில் திரும்பும். “ஆட்கள் வேலையை விட்டுப் போகும் விகிதம்” என்று ஒரே ஒரு வரி, ஒரே ஒரு சதவீதம். அந்தச் சதவீதத்துக்குள் என்ன இருக்கிறது என்று மனிதவளம் பார்த்த பெண்ணுக்குத் தெரியும். மானூர் பக்கமிருந்து வருகிற பிள்ளைகளுக்கு ராத்திரி பஸ் எந்த முக்கு வரை போகிறது, அங்கேயிருந்து வீடு எவ்வளவு தூரம், கூட யார் வருவார்கள் என்பதை வைத்துத்தான் அந்தப் பிள்ளை வேலையில் நிற்கும் அல்லது நிற்காது. பஸ்ஸை ஒரு கிலோமீட்டர் கூட ஓட்ட ஆகிற செலவு கொஞ்சம். ஆறு மாதம் பழகிய ஆபரேட்டர் போய்ப் புதிய ஆளைப் பழக்குகிற செலவு அதிகம். பழகாத கை ஓட்டும்போது கழிவாகிற சரக்கு தனி. இந்தக் கணக்கைக் கால் மணி ஸ்லைடில் சொல்லி முடிக்க முடியாது. கதவு சாத்திய பிறகு மேஜையில் இருக்கிற ஒருவர் கேட்டால்தான் உண்டு: “இந்த ஷிஃப்டுக்கு எத்தனை பஸ் போட்டிருக்கிறீர்கள்?” அந்தக் கேள்வியைக் கேட்கிற இடத்தைத்தான் அவர்கள் தேடுகிறார்கள்.

நிதித்துறைப் பெண்களுக்கும் அப்படித்தான். ஆடிட் கமிட்டிக்கு வரும் ஃபைல் முந்நூறு நானூறு பக்கம் இருக்கும். கூட்டத்துக்கு 7 நாள் முன்னால் வர வேண்டும். விவரம் தெரிந்தவர் முதல் பக்கத்திலிருந்து படிக்க மாட்டார். வர வேண்டிய பாக்கி எத்தனை நாளாக நிற்கிறது என்ற பட்டியலை முதலில் எடுப்பார். 6 மாதத்துக்குள், 6 மாதம் முதல் 1 வருஷம், 1 முதல் 2, 2 முதல் 3, 3-க்கு மேல் என்று கட்டம் கட்டமாக இருக்கும். போன வருஷம் முதல் கட்டத்தில் இருந்த தொகை இந்த வருஷம் வசூலாகாமல் அடுத்த கட்டத்துக்கு நகர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். மார்ச் கடைசி வாரத்தில் விற்பனை திடீரென்று ஏறி, ஏப்ரலில் அதே சரக்கு திரும்பி வந்திருக்கிறதா என்று பார்ப்பார். நிறுவனர் குடும்பத்தின் வேறு கம்பெனிக்குக் கடனோ முன்பணமோ போயிருக்கிறதா என்று பார்ப்பார். பட்டியலான கம்பெனியில் அந்த வகைப் பரிவர்த்தனைக்கு ஆடிட் கமிட்டியில் இருக்கிற சுயேச்சை இயக்குநர்கள் மட்டும்தான் ஒப்புதல் கொடுக்க முடியும். நிறுவனருக்கு அதில் கை தூக்க உரிமை இல்லை. கணக்கு எங்கே வளைகிறது என்று வாழ்நாள் முழுக்கப் பார்த்த ஒரு பெண்ணுக்கு, வளைக்கவிடாமல் நிறுத்தும் உரிமை கிடைக்கிற இடம் அது. அதைப் போய்ப் பெருமை என்று சொல்லலாமா, அக்கா?

இன்னொன்று, ஃபைலில் வராத விஷயம். “தலைவர் அனுமதியுடன் வேறு பொருள்” என்று அஜெண்டாவின் கடைசியில் ஒரு வரி இருக்கும். பெரிய சங்கதிகள் பல நேரம் அந்த வழியாகத்தான் நுழையும்; யாருக்கும் படிக்க நேரம் இருக்காது. அப்படி அஜெண்டாவில் இல்லாத ஒன்றை எடுக்க வேண்டுமானால், வந்திருக்கிற இயக்குநர்களில் பெரும்பான்மையோர் சம்மதிக்க வேண்டும். அவர்களில் ஒருவராவது சுயேச்சை இயக்குநராக இருக்க வேண்டும். “அடுத்த கூட்டத்துக்குத் தாளோடு கொண்டு வாருங்கள்” என்று சுயேச்சை இயக்குநர்கள் உறுதியாகச் சொன்னால் விஷயம் அன்றைக்கு நின்றுவிடும்.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நாடறிந்த சாட்சி மென்பொருள் கம்பெனியான சத்யம் கம்ப்யூட்டர்ஸ். 2008 டிசம்பர் 16-ஆம் தேதி, நிறுவனர் குடும்பத்துக்குச் சொந்தமான இரண்டு மேட்டாஸ் கம்பெனிகளைச் சுமார் 160 கோடி டாலருக்கு வாங்க அந்த போர்டு ஒப்புதல் கொடுத்தது. முதலீட்டாளர்கள் கொதித்தெழுந்ததில் சில மணி நேரத்திலேயே அந்த முடிவைக் கைவிட்டார்கள். அந்த போர்டில் இருந்த ஒரே பெண் உறுப்பினர் சில நாளில் பதவி விலகினார். விலகல் கடிதத்தில் அவர் எழுதியது இதுதான்: கூட்டத்தில் தன் ஆட்சேபங்களைச் சொன்னார், ஆனால் எதிர்த்து வாக்களிக்கவில்லை, அதற்குத் தார்மீகப் பொறுப்பு ஏற்கிறார். 2009 ஜனவரி 7-ஆம் தேதி கணக்கு மோசடி முழுக்க வெளியே வந்தது.

இந்தச் சபையில் மகளிர் சுயஉதவிக்குழு அக்காமார் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. குழுக் கூட்டத்தில் “அந்தக் கடன் கொடுக்க எனக்கு இஷ்டமில்லை” என்று வாயால் சொல்லிவிட்டு, தீர்மான நோட்டில் எல்லாரோடும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால், நாளைக்கு வங்கிக்காரர் நோட்டைத்தான் பார்ப்பார். போர்டிலும் மினிட்ஸ், அதாவது கூட்ட நடவடிக்கைக் குறிப்பு, அப்படித்தான். எதிர்த்தவர் பெயர் மினிட்ஸில் ஏற வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வரைவு மினிட்ஸ் 15 நாளுக்குள் எல்லா உறுப்பினருக்கும் வர வேண்டும்; வந்த 7 நாளுக்குள் திருத்தம் சொல்ல வேண்டும். பலர் அந்த மெயிலைத் திறப்பதே இல்லை. பொறுப்புக்காக வந்தவர் திறக்கிறார். “நான் எதிர்த்தேன், என் காரணம் இது, சேர்க்கவும்” என்று எழுதுகிறார்.

அண்ணாச்சி சொன்ன ஏணிக்கு வருகிறேன். பணியில் இருக்கிற ஒரு நிர்வாகி வெளிக் கம்பெனி போர்டில் உட்கார்ந்தால் அவருக்கும் லாபம் உண்டு. தலைமை நிர்வாகியை மேஜையின் அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறார். எந்தக் கேள்விக்கு அவர் திணறுகிறார், எந்தத் தாளை ஒளிக்கிறார் என்று தெரிந்துகொள்கிறார். அந்தப் படிப்பு நாளை அவரைத் தலைமைப் பதவிக்குத் தகுதியாக்கும். இதையெல்லாம் மறுக்க எங்களுக்கு அவசியமில்லை. ஆனால் அண்ணாச்சி, ஏணி என்றால் மேலே ஏறி முடித்தவருக்கு அது எதற்கு? இந்திரா நூயி 2006 முதல் 2018 வரை பெப்ஸிகோவின் தலைமை நிர்வாகி. அதற்கு மேல் அவருக்கு என்ன பெருமை வேண்டியிருக்கிறது? 2019-ல் அமேசான் போர்டில் சேர்ந்தார். அங்கே அவர் எடுத்துக்கொண்டது ஆடிட் கமிட்டி. பிறகு அதன் தலைமை. ஒரு போர்டில் அதிகப் பக்கம் படிக்க வேண்டியதும், அதிகச் சங்கடமான கேள்வி கேட்க வேண்டியதும், யாரும் போட்டோ எடுக்காததும் அந்தக் கமிட்டிதான்.

அவர் ஒருவரை மட்டும் வைத்து நான் வழக்கை முடிக்கவில்லை. ஸ்வீடனில் பட்டியலான கம்பெனிகளின் இயக்குநர்களிடம் எடுத்த ஆய்வைக் கேளுங்கள். ரெனே ஆடம்ஸ், பட்ரீசியா ஃபங்க் என்ற இருவர் செய்து 2012-ல் வெளியிட்டார்கள். ஆண் இயக்குநர்களைவிடப் பெண் இயக்குநர்கள் அதிகாரத்துக்குக் குறைந்த மதிப்பும், பிறர் நலனுக்குக் கூடுதல் மதிப்பும் கொடுத்தார்கள் என்று அதில் வந்தது. ‘பெண்கள் ரிஸ்க் எடுக்கப் பயப்படுவார்கள்’ என்று பொதுவாகச் சொல்வார்களே, அதற்கும் நேர்மாறாக அங்கே பெண் இயக்குநர்கள் ஆண்களைவிடச் சற்றுத் துணிச்சலாகவே இருந்தார்கள். ஸ்வீடன் வேறு, திருநெல்வேலி வேறு என்று எதிரணி சொல்லலாம், நியாயம். ஆனால் பெருமைக்காகத்தான் என்று சொல்ல எதிரணியிடம் அந்த அளவுக்குக்கூட ஆதாரம் இல்லை.

அமெரிக்கக் கம்பெனிகளை வைத்து 2009-ல் வந்த இன்னோர் ஆய்வு ஆடம்ஸும் டேனியல் ஃபெரேராவும் செய்தது. பெண் இயக்குநர்கள் கூட்டத்துக்கு ஒழுங்காக வருகிறார்கள்; கண்காணிப்புக் கமிட்டிகளில் கூடுதலாகச் சேர்கிறார்கள்; பெண்கள் அதிகமாக இருக்கிற போர்டில் ஆண்களின் வருகையும் மேம்படுகிறது. அதே ஆய்வில், இதனால் கம்பெனியின் லாபமோ மதிப்போ சராசரியாகக் கூடிவிடவில்லை, குறைந்தே இருந்தது என்றும் சொல்லியிருக்கிறார்கள். அதையும் சேர்த்தே வைக்கிறேன். ஒரு பெண் வந்தால் லாபம் பொங்கும் என்று நாங்கள் வாதிடவே இல்லை. போர்டின் வேலை மேற்பார்வை. அந்த வேலையை அவர்கள் செய்கிறார்களா என்றால், வருகைப் பதிவேடும் கமிட்டிப் பட்டியலும் செய்கிறார்கள் என்கின்றன.

“ஒருத்தி போய் உட்கார்ந்து என்ன ஆகிவிடும்?” என்று அக்கா கேட்டார்கள். ஒருவராக இருந்தால் கஷ்டம்தான். 2008-ல் வந்த ஓர் ஆய்வில் 50 பெண் இயக்குநர்களிடம் பேசினார்கள். ஒரே பெண்ணாக இருக்கும்போது, எதைச் சொன்னாலும் “பெண்கள் தரப்பு” என்று ஒதுக்கிவிடுகிறார்கள். மூன்று பேர் ஆனதும் அந்தப் பேச்சே போய்விடுகிறது, சொன்ன கருத்தை மட்டும் எடுத்துப் பேசுகிறார்கள் என்று அதில் தெரிந்தது. நம் சட்டத்திலும் அந்த மூன்றுக்கு ஓர் எடை இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. கூட்டம் போடாமல் சுற்றறிக்கை மூலம் தீர்மானம் நிறைவேற்றும் வழி ஒன்று உண்டு. மொத்த இயக்குநர்களில் மூன்றில் ஒரு பங்கினர் “இதைக் கூட்டத்தில் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்” என்று எழுதிக் கொடுத்தால் தலைவர் கூட்டத்தில் வைத்தே ஆக வேண்டும். 9 பேர் போர்டில் 3 பேர் போதும். ஆகவே ஒரு பெண் உள்ளே போய், புதிய இயக்குநர்களைப் பரிந்துரைக்கிற நாமினேஷன் கமிட்டியில் உட்கார்ந்து, அடுத்த காலியிடத்துக்குத் தகுதியுள்ள இரண்டு பெண்களின் பெயரை மேஜையில் வைப்பது தன் பெருமைக்குச் செய்கிற காரியமாக இருக்க முடியாது. பெருமை தேடுகிறவருக்கு ‘ஒரே பெண் இயக்குநர்’ என்ற பட்டம்தான் இனிக்கும்.

ஒரு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மணி அடிக்க நடுவர் கையைத் தூக்கிவிட்டார்கள். முதல் 1000 கம்பெனிகள் 2022-23 முதல் ஆண்டுதோறும் ஒரு பொறுப்பறிக்கை வெளியிட வேண்டும். பிள்ளைப்பேறு விடுப்பில் போனவர்களில் எத்தனை சதவீதம் பேர் வேலைக்குத் திரும்பினார்கள், அவர்களில் எத்தனை பேர் நிலைத்தார்கள் என்று அதில் ஓர் அட்டவணை இருக்கிறது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017-லேயே சட்டம் வந்துவிட்டது. அந்த அட்டவணையில் திரும்பி வந்தவர்கள் விகிதம் குறைந்திருந்தால், “காப்பகம் வாசலில் இருக்கிறதா, இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கிறதா?” என்று கேட்க போர்டில் ஆள் வேண்டும். பீடிக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்று எங்கோ ஓர் அறையில் முடிவாகி, முக்கூடலிலும் வீரவநல்லூரிலும் முறம் வைத்துச் சுற்றுகிற நம் பெண்களுக்கு அது வந்து சேருவதைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. முடிவாகிற அறையில் யார் இருக்கிறார்கள் என்பது நமக்கு விளையாட்டுச் செய்தி ஆகாது.

கடைசியாக அண்ணாச்சி ஒரு குத்து விட்டார்: “பொறுப்பு என்கிறீர்களே, பாதியிலே ராஜினாமா பண்ணிட்டுப் போறாவளே, அது என்ன பொறுப்பு?” நல்ல கேள்வி. சுயேச்சை இயக்குநரின் காலம் 5 ஆண்டு. இன்னொரு 5 ஆண்டு நீட்டலாம். அதற்கு மேல் 3 ஆண்டு அந்தப் பக்கமே வரக்கூடாது. நடுவில் விலகவும் உரிமை உண்டு. ஆனால் பட்டியலான கம்பெனியில் சும்மா விலக முடியாது. ஏன் விலகுகிறேன் என்று விரிவான காரணத்தோடு கடிதம் கொடுக்க வேண்டும். இதைத் தவிர வேறு முக்கியக் காரணம் இல்லை என்றும் அதில் உறுதி சொல்ல வேண்டும். கம்பெனி அதை 7 நாளுக்குள் பங்குச்சந்தைக்கு அனுப்பியாக வேண்டும். “சொந்தக் காரணம்” என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள், ஆணிலும் பெண்ணிலும். ஆனால் “கேட்ட கணக்குத் தரவில்லை, ஆடிட் கமிட்டிக்குத் தாள் வரவில்லை, எதிர்ப்பைப் பதியவில்லை” என்று எழுதினால், அந்தக் கம்பெனியில் சேமிப்பைப் போட்டிருக்கிற ஒவ்வொருவரும் அது வெளியான அன்று சாயங்காலமே படிக்கலாம். வங்கிகள் படிக்கும், செபி படிக்கும். உள்ளே உட்கார்ந்து தடுக்க முடியாததை வெளியே வந்து தடுக்கிற கடிதம் அது. இந்தக் கடிதங்கள் பம்பாய்ப் பங்குச்சந்தை இணையதளத்திலும் தேசியப் பங்குச்சந்தை இணையதளத்திலும் கம்பெனி பெயரைப் போட்டுத் தேடினால் கிடைக்கும். அண்ணாச்சி இன்றைக்கு ராத்திரி நாலைந்து கடிதம் எடுத்துப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். படித்துவிட்டு எந்த அணியில் உட்காருவது என்று முடிவு செய்யட்டும்.

வணக்கம்.